மாமா வரமாட்டார் என்று சொன்ன மகளுக்கு

என் மோளே,

இப்போதெல்லாம் போன் அடித்தால் முதலில் அடுப்பை அணைக்கிறேன். உன் வாப்பா மஸ்கட்டிலிருந்து கூப்பிட்ட வருஷங்களில் எல்லாம் மீன் பொரித்துக்கொண்டேதான் பேசியிருக்கிறேன். உன்னோடு அப்படிப் பேச முடியவில்லை. நீ சொல்வதே கொஞ்சம். அதில் ஒரு சொல் எண்ணெய்ச் சத்தத்தில் போய்விட்டால் அடுத்த அழைப்பு வரை அந்தக் குறை நிற்கும். “இன்னைக்கு என்ன மோளே செய்த?” என்று கேட்டால் “ஆபீஸ் வேல உம்மா” என்கிறாய். “என்ன வேல?” என்றால் “வாசிக்கது, எழுதுதது” என்கிறாய். அதற்கு மேல் கேட்கக்கூடாது என்று நீ சொல்லாமலே எனக்குத் தெரியும். அதனால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறேன். நீ சப்பாத்தி என்கிறாய். எனக்கும் உனக்கும் நடுவில் இத்தனை பெரிய நாடு கிடக்கிறது, அதைக் கடந்து வருவது ஒரு சப்பாத்தி மட்டும்தான்.

நீ பி.எஸ்ஸி. படித்த நாகர்கோவில் கல்லூரியிலிருந்து போன வாரம் ஆள் வந்திருந்தார்கள். நீ இப்போது பார்க்கும் வேலைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்ய இந்த வருஷம் அங்கே ஒரு வகுப்பு தொடங்கப்போகிறார்களாம். ஆண்டு மலரில் பெற்றோருக்காக நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்றார்கள். எனக்கு அந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது, என் மகளை மட்டும்தான் தெரியும் என்றேன். அதையே எழுதுங்கள் என்றார்கள். அதனால் அவர்களுக்கு எழுதவேண்டியதை உனக்கு எழுதுகிறேன்; அவர்கள் வாசித்துக்கொள்ளட்டும். உன் பெயர் இதில் இல்லை. நீ வாசித்துவிட்டு வெட்டச் சொன்ன வரிகளையும் வெட்டிவிட்டேன். ஒரு நல்ல பத்தி அதில் போயிற்று என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

தெங்காப்பட்டணத்தில் நம் தெருவில் அந்த வேலைக்குப் பெயர் சி.ஐ.டி. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு யார் பின்னாலோ நடக்கும் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வடக்கே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது நீதான் விளக்கினாய். நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும் செய்திகளைச் சேர்த்து, எது உண்மை, எது புளுகு, எது யாரோ வேண்டுமென்றே கிளப்பிவிட்டது என்று பிரித்து, இனி என்ன நடக்கலாம் என்று முடிவெடுக்கிறவர்களுக்குச் சுருக்கமாக எழுதிக்கொடுப்பது. இல்லாத ஒரு நாட்டைப் பற்றி உங்கள் கையில் ஒரு கட்டு காகிதம் கொடுப்பார்களாம். பாதி பொய்யாக இருக்குமாம். வகுப்பு முடிவதற்குள் அரைப் பக்கம் எழுதவேண்டுமாம். “வாப்பாவுக்கு நீங்க வாய்ஸ் மெசேஜ் அனுப்புத மாதிரி இல்ல உம்மா” என்று சிரித்தாய். “மொதல்லயே விஷயத்தச் சொல்லணும். எவ்வளவு நம்பலாம்ணும் சொல்லணும்.” அந்த விடுமுறை முழுக்க என் உயிரை எடுத்தாய். மீன்காரர் கண்டிப்பாக வருவார் என்று நான் சொன்னால், கண்டிப்பாக என்றால் எவ்வளவு கண்டிப்பு என்று கேட்டாய். அவர் வராத நாளில் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே உனக்குக் குழம்பு ஊற்றாமல் விட்டிருக்கவேண்டும்.

உனக்கு நினைவிருக்கும், அப்போதுதான் குளச்சலிலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை துபாயில் இருந்தார். உனக்கு விருப்பமில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டாய். ஆனால் உன் பேராசிரியை ஒரு பாடம் கொடுத்து அனுப்பியிருந்தார்: நீ நம்பாத ஒரு கட்சிக்காக நம்புகிறவள்போல வாதாட வேண்டும். நீ வேறு விஷயமே கிடைக்காமல் இதையே எடுத்துக்கொண்டு, வீடியோவில் வாப்பாவைக் கூப்பிட்டு, மாப்பிள்ளைக்காகப் பேச ஆரம்பித்தாய். பக்கத்து ஊர், தெரிந்த குடும்பம், நகை கேட்கவில்லை, பையன் தொழுகையை விடாதவன், உம்மா தனியாக இருக்கமாட்டார். நான் வாசலில் நின்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்க மவ வளந்துட்டா” என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தவர், நேரே குளச்சலுக்குப் போன் போட்டு வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்.

“வாப்பா, அது பயிற்சி!” என்று நீ கத்தியபோது அவர் சொன்னது: “பயிற்சியா? நான் பிரியாணிக்கு ஆளு சொல்லியாச்சே மோளே.” பிறகு உன் சொந்தக் கட்சிக்கு நீ சொன்னது ஒரே வாக்கியம்: “எனக்குப் படிக்கணும் வாப்பா.” “அவ்வளவு பெரிசா அவனுக்காகப் பேசிட்டு, உனக்காக இவ்வளவு சின்னதா பேசினா எப்பிடி?” என்று கேட்டுவிட்டு, அவரே குளச்சலுக்கு மறுபடி பேசி மன்னிப்புக் கேட்டார். இதை நான் ஏன் எழுதுகிறேன் என்றால், மோளே, நீ இன்றைக்கும் அப்படித்தான். ஊருக்காக எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவாய். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ஒரு வாக்கியம். அதையும் பாதி முழுங்கிவிடுவாய். முழுங்காதே.

அடுத்த வருஷம் புயல் வந்தது. ஷாகுல் மாமா போன விசைப்படகு அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தது. எனக்கு இருக்கும் ஒரே தம்பி அவன். மற்ற படகுகள் ஒவ்வொன்றாகத் துறைமுகத்துக்குத் திரும்பின. சிலது கேரளக் கரையில் ஏறின. மாமாவின் படகைப் பற்றி மட்டும் ஒரு செய்தியும் இல்லை. நீ கிடைத்த ரயிலில் ஏறி வந்து சேர்ந்தபோது நம் வீட்டில் கால்வைக்க இடமில்லை. மாமாவின் மனைவி சபூராவையும் பிள்ளைகளையும் நம் வீட்டுக்கே கூட்டிவந்திருந்தேன். வருகிறவர்கள் எல்லாரும் ஒரு செய்தியோடு வந்தார்கள். லட்சத்தீவில் கரையேறிவிட்டார்கள் என்றார் ஒருவர். கொச்சியில் ஆஸ்பத்திரியில் இருப்பதாகத் தன் போனில் வாய்ஸ் மெசேஜ் வந்திருப்பதாக இன்னொருவர். ஒவ்வொரு செய்திக்கும் நான் அல்லாஹ்வைப் புகழ்ந்தேன். சபூரா ஒவ்வொரு முறையும் எழுந்து ஓடினாள்.

நீ பாயில் உட்கார்ந்து போனை எடுத்து, செய்தி சொன்ன ஒவ்வொருவரையும் கூப்பிட்டாய். “நீங்க நேரா கேட்டியளா? ஆரு சொன்னது? அவருக்கு ஆரு சொன்னது?” சிலர் கோபப்பட்டார்கள். நீ குரலை உயர்த்தாமல் கேட்டுக்கொண்டே போனாய். சாயங்காலத்துக்குள் எல்லாச் செய்தியும் ஒரே வாயிலிருந்து புறப்பட்டது என்று தெரிந்தது. குழித்துறையில் ஒரு கடைக்காரர், லட்சத்தீவுப் பக்கம் ஒதுங்கியிருக்கலாம் என்று ஆறுதலுக்காகச் சொல்லியிருக்கிறார். நம் வீட்டுக்கு வரும்போது ‘இருக்கலாம்’ என்பது போய் ‘இருக்கிறார்கள்’ என்று ஆகியிருந்தது; கொச்சி ஆஸ்பத்திரியும் வழியில் சேர்ந்துகொண்டது. இதை நீ எல்லார் முன்னாலும் சொன்னாய். ஒரு பெரியவர் எழுந்து, “படிச்ச பிள்ளைக்கு எரக்கம் இல்ல” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

நான் உன்னை அடுக்களைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். “எனக்கு மட்டும் சொல்லு. உனக்கு என்ன தோணுது?”

“வேண்டாம் உம்மா.”

“நான் உனக்க உம்மா. சொல்லு.”

நீ தண்ணீர்க் குடத்தை மூடிவைத்தாய். பிறகு சொன்னாய்: “மாமா இல்லண்ணு நான் சொல்லல்ல. ஆனா திரும்பி வராம இருக்கதுக்குத்தான் வாய்ப்பு கூடுதல். இவ்வளவு நாளா ஒரு சத்தமும் இல்ல உம்மா.”

கதவுக்கு அந்தப் பக்கம் சபூரா நின்றிருக்கிறாள். அவள் விழுந்த சத்தம் கேட்டுத்தான் நமக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் உன் கையால் ஒரு வாய் வெள்ளம்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

அப்புறம் ஒரு பகல், என் போனில் ஓமன் நாட்டு எண் ஒன்று வந்தது. உன் வாப்பா வேறு எண்ணிலிருந்து கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தேன். “லாத்தா” என்று அக்காவைக் கூப்பிடும் ஷாகுலின் குரல். நான் போனைக் கீழே போட்டுவிட்டேன். நீதான் எடுத்துப் பேசினாய். படகு கவிழ்ந்து, மரப்பலகையைப் பிடித்துக் கிடந்தவர்களை ஒரு சரக்கு உரு ஏற்றிக்கொண்டதாம். மரத்தால் கட்டிய அந்தப் பழைய கப்பலின் ஒயர்லெஸ்ஸையும் அதே புயல் கெடுத்திருந்தது. அது ஓமனின் சலாலாத் துறைமுகத்துக்குப் போய்ச் சேரும்வரை உலகத்தில் யாருக்கும் அவர்கள் உயிரோடு இருப்பது தெரியவில்லை. உன் வாப்பா மஸ்கட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீடியோவில் காட்டினார். கறுத்து, உதடு வெடித்து, பல் மட்டும் தெரிந்தது. சபூரா போன் திரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கூடப் போனவர்களில் நம் அடுத்த தெருக்காரர் ஒருவர் மட்டும் வரவில்லை. அவர் வீட்டுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம், வாயைப் பொத்திக்கொண்டு அழுதோம்.

ஷாகுல் ஊருக்கு வந்ததும் முதலில் உன்னைத்தான் தேடினான். “ஏட்டி, உயிரோட இருக்க என்னைய நீ மௌத்தாக்கிட்டியாமே?” என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நீ அவன் காலடியில் உட்கார்ந்து அழுதாய்; சின்னப் பிள்ளையில்கூட நீ அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அன்று மாலை உன் பெட்டியைத் திறந்து துணியெல்லாம் அலமாரியில் அடுக்கினாய். இனிப் போகவில்லை, இங்கேயே பி.எட். படிக்கிறேன் என்றாய். உள்ளே எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியுமா? கடல் தம்பியைத் திருப்பித் தந்தது, படிப்பு மகளைத் திருப்பித் தந்தது என்று நினைத்தேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நீ கணக்கு டீச்சராக இருப்பதையும், மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்கு வருவதையும்கூடக் கண்ணில் பார்த்துவிட்டேன்.

உன் பேராசிரியை போன் செய்தார். நீ இங்கிலீஷில் பேசினாய், எனக்கு விளங்கவில்லை. பிறகு சொன்னாய். உன் கணிப்பு தவறிப்போனதில் தனக்கு ரொம்ப மகிழ்ச்சி என்று முதலில் சொன்னாராம். எங்கே தவறியது என்று பார்த்துவிட்டாயா என்று அடுத்துக் கேட்டாராம். திரும்பி வா என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லையாம். அதற்குப் பிறகு நீ மாமாவிடம் கேட்டாய்: காற்று எந்தப் பக்கம், உரு எந்த வழியாக வந்தது, அந்த வழியில் இன்னும் எத்தனை கப்பல் போகும். கேட்டுவிட்டு என்னிடம் வந்து சொன்னாய்: “நான் கடலை மட்டும் பாத்தேன் உம்மா. அதுல போற கப்பலைப் பாக்கல்ல. சத்தம் இல்லண்ணதும் ஆளே இல்லண்ணு எடுத்துட்டேன்.” அப்போதும் நீ போவதாகச் சொல்லவில்லை.

உன்னை அனுப்பியது சபூராதான். இது கல்லூரிக்காரர்களுக்குத் தெரியட்டும். நீ மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனாய்; நானும் பின்னால் வந்தேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள். “எல்லாரும் வந்து வந்து, அங்க இருக்காரு, இங்க ஏறிட்டாருண்ணு சொன்னாவ. ஒவ்வொருக்கா சொல்லும்பமும் நான் எந்திச்சு அவருக்குக் குளிக்க வெந்நி போட்டேன். வெந்நி ஆறும், பின்னயும் போடுவேன். நீ சொன்ன அண்ணைக்குத்தான் நான் அடுப்ப விட்டு எந்திச்சு எனக்க பிள்ளையளுக்க மொகத்தப் பாத்தேன். அதுவ தின்னு எத்தன நாளாச்சுண்ணு அப்பந்தான் தெரிஞ்சுது. உனக்க மேல எனக்குத் தேச்சியமும் கோவமும் உண்டு. அது போவாது. ஆனா நீ ஒருத்திதான் எனக்கிட்ட புளுகல்ல.” இதைச் சொல்லிவிட்டு, கழுவிய மீனில் பாதியை ஒரு சட்டியில் போட்டு உன் கையில் தந்தாள்.

மறுநாள் அலமாரியிலிருந்து துணி மறுபடி பெட்டிக்குப் போயிற்று. குழித்துறை ஸ்டேஷனில் உன்னை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஆற்றுப்பாலத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றது. ஆட்டோக்காரர், “அழாதீங்க உம்மா, படிக்கத்தானே போறாவ” என்றார். படிக்க மட்டும் என்றால் நான் ஏன் அழப்போகிறேன். நீ சொன்னது தவறிப்போனதை எழுதி வகுப்பில் எல்லார் முன்னும் வாசித்தாயாம். யாரும் சிரிக்கவில்லையாம். மணிப்பூர்ப் பையன் ஒருவன் எழுந்து தன் தவற்றைச் சொன்னானாம், அடுத்து இன்னொருத்தி. பாடத்துக்கு ஒதுக்கிய நேரம் முடிந்தும் யாரும் எழுந்துபோகவில்லையாம். அதைப் போனில் சொன்னபோது உன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி நீ அவர்களுடையவள்.

வேலை கிடைத்ததும் உன்னைப் பற்றி விசாரிக்கத் தெருவுக்குப் போலீஸ்காரர் வந்தார். வீடு வீடாகக் கேட்டார். நம் ஆட்களுக்கு அது பழகாத பயம் அல்ல, பழகிய பயம். அடுத்த வீட்டுக்காரி ஓடிவந்து, “உனக்க மவ என்ன செய்தா?” என்று கேட்டாள். நம்ம பிள்ளைக்கு அந்த வேலையைத் தருவார்களா என்று சிலர். நம்மையே வேவு பார்க்கவா போகிறாள் என்று சிலர். நான் இரண்டுக்கும் பதில் தெரியாமல் உன்னிடம் கேட்டேன். நீ யோசித்துச் சொன்னாய்: “ஒருத்தரப் பத்தி ஆரோ தப்பா எழுதுன ஒரு வரி அந்த வீட்ட என்ன செய்யும்ணு நம்ம தெருவுக்குத் தெரியும் உம்மா. அது தெரிஞ்ச ஒரு ஆளு எழுதுத எடத்துல இருக்கட்டும்.” நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன். இந்த வரியை வெட்டச் சொல்வாய் என்று பயந்தேன், நீ வெட்டவில்லை.

மோளே, புத்தி சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அங்கே உள்ள அளவுகோலை வீட்டுக்குக் கொண்டுவராதே. என்மேல் பிரியமா என்று கேட்டால் ‘வாய்ப்பு கூடுதல்’ என்று சொல்லாதே, விளையாட்டுக்குக்கூட வேண்டாம். வேலையைப் பற்றிப் பேச முடியாவிட்டாலும், வேறு எதைப் பற்றியாவது ஓயாமல் பேச ஒரு சிநேகிதியை வைத்துக்கொள். பேசாதே பேசாதே என்று பழகிய வாய் ஒருநாள் பேசவேண்டியதற்கும் திறக்காமல் போய்விடும். கல்யாணத்தைப் பற்றி நான் கேட்கமாட்டேன். வாப்பா கேட்பார், கோபப்படாதே. கணித்தது தவறினால், அன்றைக்கு அழுததுபோல் அழு. பிறகு மாமாவிடம் கேட்டதுபோல் கேள். அழுகையை மட்டும் விட்டுவிடாதே. அதை விட்டுவிட்ட ஒருத்தி எழுதும் அரைப் பக்கத்தை நான் நம்பமாட்டேன்.

உன் கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். மரச்சீனிக் கிழங்கு அவித்தால் நெத்தோலி மீனும் வாங்குகிறேன், எனக்கு நெத்தோலி அவ்வளவாகப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். தெருவில் யாராவது உன்னைப்போல் தலையைச் சாய்த்து நடந்து போனால் முகம் தெரியும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இதை எழுதத் தொடங்கிய மறுநாள் அருமனையிலிருந்து ஒரு தாயும் மகளும் விலாசம் விசாரித்து வந்தார்கள். ரப்பர்ப் பால் வெட்டும் குடும்பம். தேவாலயத்துக்குப் போகிறதுபோல் நல்ல சேலை கட்டி வந்திருந்தாள் அந்தத் தாய். மகள் கல்லூரியில் புதிதாக வரும் அந்த வகுப்பில் சேர ஆசைப்படுகிறாளாம். “அனுப்பலாமா அக்கா?” என்று கேட்டாள். அவளுக்குச் சபூராவைப் பற்றிச் சொன்னேன், சலாலாவைப் பற்றிச் சொன்னேன், போலீஸ்காரர் வந்ததையும் சொன்னேன். சம்பளம், விடுதி, பாதுகாப்பு என்று அவள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தப் பிள்ளை அதுவரை சுவரில் உன் பட்டமளிப்புப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் கேட்டது: “அக்கா இப்பம் எந்த ஊருல இருக்காவ?”

கொஞ்ச நாளைக்கு வேறு இடத்திலிருந்து பேசுவேன், எங்கே என்று கேட்காதீர்கள் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா? “தெரியாது மக்களே” என்றேன்.

அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்தது. தாய் டீக் கிளாஸை வைத்துவிட்டு, மகளின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டாள். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். பிடித்த கையை அவள் விடவே இல்லை; பஸ் படியில் ஏறும்போதும் பக்கவாட்டில் திரும்பி, மகளையும் இழுத்துக்கொண்டுதான் ஏறினாள். விடச் சொல்லி அந்தப் பிள்ளை சிணுங்கியது. விடாதே என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. போகட்டும் விடு என்றும் தோன்றியது. இரண்டையும் சொல்லாமல் பஸ் திரும்பும்வரை நின்றேன்.

லீவு கிடைத்தால் வா, மோளே. ஆனால் எப்போது வருகிறாய் என்று முன்கூட்டிச் சொல்லிவிடாதே. சொன்னால் அன்றிலிருந்தே நான் ரோட்டில் வந்து நிற்க ஆரம்பித்துவிடுவேன்.

உன் உம்மா